உள்ளே வரலாமா, அங்கிள்?

இடது கையைத் திருப்பிப் பார்க்கிறாள். பிறகு வலது கையையும் திருப்பிப் பார்க்கிறாள். இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு கடிகாரம். அதற்குப் பிறகுதான் பெர்னிஸ் திரையில் ஓடும் பதிவுகளைப் படிக்கத் தொடங்குவாள். படித்து முடித்ததும் கட்டளையை அடிப்பாள், ஆனால் உடனே விசையைத் தட்டிவிட மாட்டாள். கைப்பேசியை எடுத்து, ஷா ஆலமிலோ செலாயாங்கிலோ அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கூப்பிடுவாள்.

“அக்கா, நான் பெர்னிஸ் பேசறேன், செக்யூரிட்டி டீம்லேருந்து. உங்க கம்ப்யூட்டர்ல இப்ப ஒரு செக் பண்ணப் போறேன். கொஞ்சம் ஸ்லோவா ஓடும், பயப்படாதீங்க. அது நான்தான்.”

எதிர்முனையில் “சரிமா, சரிமா” என்பார்கள். அவள் விடமாட்டாள். “அது நான்தான்க்கா, ஞாபகம் வச்சுக்குங்க” என்று இன்னொரு தரம் சொன்ன பிறகுதான் விசையைத் தட்டுவாள்.

பெர்னிஸின் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏதாவது ஒரு கம்பெனியின் கணினிகளுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று சந்தேகம் வந்தால், அவள் வேலை செய்யும் நிறுவனத்தைக் கூப்பிடுவார்கள். அவள் இருந்த இடத்திலிருந்தே அந்தக் கணினிகளுக்குள் நுழைவாள். என்ன நிரல்கள் ஓடுகின்றன, அவை வெளியே யாரோடு பேசுகின்றன, நேற்று இல்லாத கோப்பு எது இன்று புதிதாக முளைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். கணினியும் மறைக்காமல் பதில் சொல்லும். கணினியின் முன்னால் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் தொழிலின் பொது வழக்கம்.

அந்த வழக்கத்தைத்தான் இவள் மீறுகிறாள். உண்மையிலேயே ஒருவர் மேல் சந்தேகம் இருந்தால் வாயைத் திறக்க மாட்டாள், அந்த அளவுக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. மற்றபடி எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் போவாள். அலுவலகத்தில் அவளுக்குக் ‘காலிங் பெல்’ என்று பட்டப்பெயர். குழுத் தலைவன் ரயன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டான்: “நீ என்ன நர்ஸாலா, ஊசி போடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போட?” அவள் முறுக்கைச் சாப்ஸ்டிக்கால் எடுத்துக் கடித்தாள்.

ஆமாம், முறுக்கைச் சாப்ஸ்டிக்கால்தான் சாப்பிடுவாள். விரலில் எண்ணெய் பட்டால் விசைப்பலகை கெட்டுப்போகும் என்பது அவள் கட்சி. பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்றில், மோனோரயில் போகும்போதெல்லாம் கண்ணாடித் தம்ளர்கள் லேசாகக் கிலுங்கும் வீட்டில், அப்பாவோடு இருக்கிறாள். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அப்பா இக்னேஷியஸ் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் பாதி நாள் அவள் வீட்டிலிருந்தேதான் வேலை பார்ப்பாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி அவளுடைய திரைகளுக்கு, மறுபாதி அப்பாவின் செய்தித்தாளுக்கும் மூக்குப்பொடிக்கும்.

இரண்டு கடிகாரத்தை முதன்முதலாகக் கட்டிக்கொண்டு வந்த அன்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “சர்ச்சுக்கு ஒரு நாளாச்சும் நேரத்தோட வந்திருக்கியா, பெர்னி? ஒரு வாட்சையே ஒழுங்கா பாக்கத் தெரியாது, இதுல ரெண்டு வேற!”

அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா விளையாட்டாகச் சொன்னது அப்படியே உண்மையாக இருந்தது.

நடந்தது இதுதான். கிள்ளான் துறைமுகப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று. வாடிக்கையாளர்களின் விவரங்களை யாரோ வெளியே கொண்டுபோய்விட்டார்கள் என்று அங்கிருந்து ஒரு நாள் அலறிக்கொண்டு கூப்பிட்டார்கள். பெர்னிஸ் அன்று பிற்பகலே அவர்களுடைய கணினிகளுக்குள் நுழைந்தாள். ஒவ்வொன்றிலும் சோதனைக் கட்டளை ஒன்றை ஓடவிட்டாள். அந்தக் கட்டளை கணினியில் உள்ள தடயங்களை எல்லாம் திரட்டி, ஒரு பொட்டலமாகக் கட்டி, அவளுக்கு அனுப்பிவைக்கும். பொட்டலத்துக்கு ஒவ்வொரு தரமும் வாயில் நுழையாத புதுப் பெயர் ஒன்றை அதுவே வைத்துக்கொள்ளும்.

மறுநாள் அந்தத் தடயங்களை நேர வரிசையில் அடுக்கினாள். ஒரு கணினியில், காலை ஏழு மணிக்கு, யாரோ கோப்புகளை மொத்தமாகப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பியிருப்பது தெரிந்தது. அலுவலகத்தின் கதவு அட்டைப் பதிவை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காலை ஏழு மணிக்குக் கட்டடத்துக்குள் இருந்தது ஒரே ஓர் ஆள். அந்தக் கணினிக்கு உரியவரும் அவரேதான்.

கமலநாதன், கப்பல் ஆவணங்கள் தயாரிக்கும் குமாஸ்தா. காப்பாரிலிருந்து மோட்டாரில் வருபவர். கொள்கலன் லோரிகள் சாலையை அடைத்துக்கொள்வதற்கு முன்னால் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் முந்தி வந்து, விளக்குகளைப் போட்டு, தண்ணீர் சுடவைத்து, மூலையில் இருக்கும் சாமி படத்துக்குப் பூ வைக்கிறவர். இதெல்லாம் பெர்னிஸுக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒரு அட்டை எண்ணும் ஒரு நேரமும் மட்டுமே.

அறிக்கையில் அவள் அவருடைய பெயரை எழுதவில்லை. ‘குறிப்பிட்ட நேரத்தில் வளாகத்தில் இருந்தவர் ஒரே ஓர் ஊழியர், நுழைவுப் பதிவு இணைக்கப்பட்டுள்ளது’ என்று நாசூக்காக எழுதினாள். யாரையும் குற்றம் சொல்லாத, ஆனால் ஒருவரை மட்டும் விரல் நீட்டிக் காட்டுகிற வாக்கியம். அதை எழுதி முடித்தபோது தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது. ரயன், “நைஸ் கேட்ச்லா, பெர்னிஸ்!” என்றான். அந்தச் சந்தோஷத்தில் பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டாள். அவள் இரண்டாவது தரம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், கிள்ளானில் கமலநாதனின் அட்டையைக் கழற்றி வாங்கி வெளியே அனுப்பினார்கள்.

இனி அந்த நேரக் கணக்கு. பாதுகாப்புக் கருவிகளுக்கென்று ஊர் கிடையாது. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே நேரத்தில்தான் அவை குறிப்பெழுதும். அந்தப் பொது நேரம் மலேசிய நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால் நடக்கிறது. இங்கே பிற்பகல் மூன்று என்றால், அதன் குறிப்பில் காலை ஏழு. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. பெர்னிஸே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவள் வழக்கமாகப் பார்க்கும் திரை இந்த நேரத்தைத் தானாகவே நம் ஊர் நேரமாக மாற்றிக் காட்டிவிடும். அன்று அவசரத்தில் அந்த ஒரு கணினியின் பதிவை மட்டும் மாற்றாமல் அப்படியே இறக்கி, ஊர் நேரத்தில் இருந்த கதவுப் பதிவோடு ஒட்டிவிட்டாள்.

இதை அவளுக்கு யாரும் சுட்டிக்காட்டவில்லை. ஒரு வாரம் கழித்து வேறொரு கம்பெனியின் கணினியில் அதே சோதனைக் கட்டளையை ஓடவிட்டாள். சன்னலுக்கு வெளியே பிற்பகல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளி வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. திரையில், வாயில் நுழையாத ஒரு புதுப் பெயரில், பொட்டலம் ஒன்று முளைத்தது. பக்கத்தில் காலை ஏழு என்று நேரம் விழுந்தது. இப்போது, இந்த நிமிடம், தன் கையால் செய்தது காலையில் நடந்ததாகப் பதிவாகியிருந்தது.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழைய பதிவைத் திறந்து எட்டு மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள். கிள்ளானில் கோப்புகளைப் பொட்டலம் கட்டி அனுப்பியது கமலநாதன் இல்லை, அவளேதான். திருடனைத் தேடிப் போனவள் தன் காலடியையே பார்த்து, அந்த வீட்டுக்காரரைத் திருடன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். காதும் கன்னமும் பற்றி எரிந்தன. அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, “காய்ச்சலா பெர்னி?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

ரயனிடம் அன்றே சொல்லிவிட்டாள். அவன் கெட்டவன் இல்லை. கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தான், பிறகு திருத்திய அறிக்கை ஒன்றைத் தயாரித்தான். ‘நேரக் குறிப்புகள் சீரமைக்கப்பட்டன. முன்னர் குறிப்பிட்ட செயல்பாடு விசாரணைக் கருவியினுடையது’ என்று அதில் இருந்தது. யார் கெடுத்தார்கள், யார் சீரமைத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல அதில் ஓர் ஆள் இல்லை. உண்மையான திருட்டு மேலாளரின் பழைய கடவுச்சொல் வழியாக வெளிநாட்டிலிருந்து நடந்தது என்பதும் அதற்குள் தெரிந்திருந்தது. கமலநாதனை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார்கள். ஏன் போகச் சொன்னோம், ஏன் வரச் சொல்கிறோம் என்று யாரும் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை.

“முடிஞ்சிருச்சுலா, பெர்னிஸ். அவரும் வேலைக்கு வந்துட்டாரு. கிளையன்ட்டும் ஓகே. இனிமே இத கிளறாத” என்றான் ரயன்.

அவளுக்கு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது சொல்லிப் பார்த்தாள். ஃபாதருக்கு அந்த எட்டு மணி நேர விவகாரம் புரியவில்லை. “எந்த ஊர் நேரம்மா அது?” என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். அவள் மறுபடி விளக்க, பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள். பரிகாரமாக ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரத்தை மூன்று தரம் சொல்லச் சொல்லி அனுப்பிவைத்தார். சொன்னாள். வெளியே வந்தபோது வெட்கம் உள்ளே போனபோது இருந்த அதே இடத்தில்தான் இருந்தது.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினாள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனைதான் அது. கணக்குப் பிரிவில் இருந்த வாணி என்ற பெண் வாசலுக்கு வந்து அழைத்துப்போனாள். வரிசையாக மேசைகள், மூலையில் சாமி படம், அதன் பக்கத்து மேசையில் நரைத்த மீசையோடு ஒருவர்.

“இவங்க செக்யூரிட்டி கம்பெனிலேருந்து வந்திருக்காங்க. உங்க மெஷினப் பாக்கணுமாம்” என்றாள் வாணி.

கமலநாதன் சட்டென்று எழுந்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நகலெடுக்கும் இயந்திரத்தின் ஓரமாகப் போய்ச் சுவரோடு சுவராக நின்றார்.

“பாருங்க மிஸ். நான் எதையும் தொடலை.”

பெர்னிஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்த சூடு இன்னும் ஆறவில்லை. என்ன கட்டளை அடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “முடிஞ்சிருச்சு அங்கிள்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போனாள்.

சமையல் மூலையில் வாணி தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் அந்த நாளைச் சொன்னாள்.

“எல்லாரும் பாத்துக்கிட்டேதான்க்கா இருந்தோம். வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகா வந்து அவரோட பையப் பிரிச்சாரு. அப்புறம் டிபன் கேரியரையும் பிரிக்கச் சொன்னாங்க. பென்டிரைவ் இருக்குதான்னு பாக்கணுமாம். சோத்துக்குள்ள பேனாவ விட்டுக் கிளறுனாருக்கா அந்த ஜாகா. இவரு இன்னும் சாப்பிடக்கூட இல்ல. திரும்ப ஒண்ணொண்ணா அடுக்கி மூடி எடுத்துக்கிட்டுப் போனாரு. இப்பல்லாம் வீட்டுச் சாப்பாடே கொண்டாறதில்ல.”

பெர்னிஸுக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. இலையில் ரசம் குடித்தது நினைவுக்கு வந்தது. தேத்தண்ணீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவர் இன்னும் சுவரோரமாகவே நின்றுகொண்டிருந்தார். மிஸ் முடித்துவிட்டார்களா என்று உறுதியாகத் தெரியாமல் நாற்காலியைத் தொட அவருக்கு மனமில்லை.

“அங்கிள், காலையில ஏழு மணிக்கு உங்க கம்ப்யூட்டர்லேருந்து ஃபைல் எல்லாம் வெளிய போச்சுன்னுதான் உங்கள அனுப்பிட்டாங்க… அது நீங்க இல்ல. அது நான்தான்.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“செக் பண்ணும்போது நான்தான் எடுத்தேன். மத்தியானம் எடுத்தேன். நேரத்தத் தப்பாப் படிச்சுட்டு, காலையில யாரோ எடுத்தாங்கன்னு எழுதிட்டேன். நான் பண்ணதையே பாத்து, நீங்கன்னு எழுதிட்டேன் அங்கிள்.”

கமலநாதன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஃபோன் அடிச்சிருக்கலாமே மிஸ்” என்றார். “ஏழு மணிக்கு நான் கம்ப்யூட்டரே தொறக்கலை. தண்ணி சுட வச்சுக்கிட்டு இருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“மன்னிச்சிருங்க அங்கிள்.”

“என்கிட்டச் சொல்லி என்ன மிஸ் ஆவப்போவுது? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியுமே.” முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முதல் தரமாக எடுத்து, மேசைகளின் வரிசையைக் காட்டினார். “இவங்களுக்குத்தான் தெரியாது.”

பெர்னிஸ் மேசைகளுக்கு நடுவில் போய் நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள், பள்ளிக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மாட்டுத் தொழுவத்து ஆடாகக்கூட நடிக்க மறுத்தவள். தமிழில் ஒரு முறை சொன்னாள், எல்லாருக்கும் புரிய வேண்டுமே என்று மலாயில் இன்னொரு முறை சொன்னாள். கமலநாதன் அங்கிள் எதையும் எடுக்கவில்லை, எடுத்தது நான், தவறாக எழுதியதும் நான் என்றாள். யாரோ ஒருவர் தொலைபேசியை எடுத்து ஒரு கொள்கலன் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார். மேலாளர் தன் அறைக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். வாசலில் நின்ற ஜாகா தன் காலணியைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கும் மேலாக ஒருவர் மேல் படிந்த கறையைத் துடைக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. துடைபட்டதா என்றும் தெரியவில்லை.

“சரி மிஸ், மழை வரப்போவுது. ட்ரெயினப் புடிங்க” என்றார் கமலநாதன்.

கம்பெனியின் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்று ரயன் அவளை நன்றாகக் கடிந்துகொண்டான். அதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே பாசாரில் மலிவாக ஒரு கடிகாரம் வாங்கி, எட்டு மணி நேரம் பின்னால் வைத்து, வலது கையில் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்துதான் சொல்லிவிட்டு நுழையும் வழக்கமும் தொடங்கியது.

கிள்ளான் கம்பெனியின் கணினிகளை இப்போதும் மாதத்துக்கு ஒரு தரம் சோதிக்கிறார்கள். மற்றக் கணினிகளை யார் பார்த்தாலும் சரி, அந்தச் சாமி படத்துப் பக்கத்துக் கணினியை மட்டும் பெர்னிஸ் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த நாளில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கடிகாரத்தையும் பார்த்துவிட்டுக் கூப்பிடுவாள்.

“அங்கிள், பெர்னிஸ் பேசறேன். உள்ள வரலாமா?”

“வாங்க மிஸ்.” உடனே நாற்காலிச் சக்கரங்கள் தரையில் கிறீச்சிட்டுப் பின்னால் உருளும் சத்தம் கேட்கும். “எழுந்துட்டேன் மிஸ்.”

“ஐயோ, உட்காருங்க அங்கிள். நீங்க உங்க வேலையப் பாத்துக்கிட்டே இருக்கலாம்.”

“பரவால்ல மிஸ். பழகிருச்சு.”

எத்தனை தரம் சொல்லியும் அவர் கேட்பதில்லை. அவரும் தன்மையாகத்தான் சொல்கிறார், கிண்டலுமில்லை, கோபமுமில்லை. இப்போது வீட்டுச் சாப்பாடு கொண்டுவருகிறீர்களா என்று கேட்க ஒவ்வொரு மாதமும் நினைப்பாள். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு வாய் வருவதில்லை.

பெர்னிஸ் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைக்கிறாள். தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறாள். நின்றபடியே குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கட்டளையை அடிக்கிறாள். செய்தித்தாளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “ஏன் பெர்னி நிக்கிறே? நாற்காலி ஒடஞ்சிருச்சா?” என்று அப்பா கேட்கிறார். கணினி கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறாள். “முடிஞ்சிருச்சு அங்கிள், உட்காருங்க” என்கிறாள். கிள்ளானில் நாற்காலி முனகும் சத்தம் காதில் விழுந்த பிறகு, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறாள்.